ஆடாத இரண்டு பற்கள்

பால்பல் தானாக விழுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தானாக விழுவதில்லை. தாடை எலும்புக்குள் புதுப்பல் ஒன்று முளைவிட்டு மேல்நோக்கி வருகிறது. வரும் வழியில் பால்பல்லின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. வேர் போன பிறகு பல்லை ஈறு மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போதுதான் பல் ஆடும். விழுந்த பால்பல்லை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், அடியில் வேர் இருக்காது. சின்னத் தொப்பி மாதிரி குழிந்திருக்கும்.

எங்கள் பள்ளியில் ஒரு குழந்தையின் எட்டு வருடம் இந்த ஆட்டத்தை நம்பித்தான் நிற்கிறது.

நான் ரெகுலா. பாசல் நகரை அடுத்த டோர்னாக் குன்றுக்குக் கீழே, பிர்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சின்ன வால்டோர்ஃப் பள்ளியின் மருத்துவர். குன்றின் மேல் இந்தப் பள்ளிகளை உருவாக்கிய ஆன்மிக இயக்கத்தாரான எங்கள் ஆந்த்ரோபோசஃபிக்காரர்களின் பெரிய கான்கிரீட் கட்டடம் நிற்கிறது. செங்கோணம் என்றாலே அதற்கு ஆகாது. கீழே எங்கள் பள்ளியிலும் கதவுகளின் மேல்மூலைகளைச் சீவிவிட்டிருக்கிறோம். உயரமான அப்பாக்கள் வருடா வருடம் அங்கே தலையை இடித்துக்கொள்கிறார்கள். அதற்கு ஆர்னிகா களிம்பு போடுவதும் என் வேலைதான்.

பல்லுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் கொள்கை இது: ஏழு வயது வரை குழந்தையின் உயிர்ச்சக்தி முழுவதும் உடம்பைக் கட்டுவதற்கே போகிறது. உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் மேற்பூச்சு. அதையும் புதிதாகக் கட்டி முடித்துவிட்டால் கொத்தனாருக்கு வேலை தீர்ந்தது. சாரத்தை விட்டு இறங்கிய அதே சக்தி இனி நினைவாகவும் சிந்தனையாகவும் வேலை செய்யும். அதற்கு முன்பே எழுத்துச் சொல்லிக்கொடுத்தால், சாரத்தில் நிற்கும் கொத்தனாரின் காலைப் பிடித்து இழுத்துக் கடிதம் எழுதச் சொல்வது போல ஆகும். எனக்கு இன்றும் இந்த விளக்கத்தின் மேல் ஒரு பிரியம் உண்டு. பார்ப்பதற்கு அழகான இயந்திரம். ஓடுமா என்பது வேறு கேள்வி.

ஆகவே முதல் வகுப்பில் சேர, கீழ்வரிசை முன்பற்கள் இரண்டும் விழுந்திருக்க வேண்டும், குறைந்தது ஆட வேண்டும். முதலில் மாறுபவை அவைதான். அந்த வசந்தத்தில் சோதனைக்கு வந்தவர்களில் அனினாவின் இரட்டையர்களும் இருந்தார்கள். ஃப்ளூரின் பையன், லதீனா பெண். அனினா எங்கள் பள்ளத்தாக்கில் தபால்துறையின் மஞ்சள் பயணிகள் பஸ் ஓட்டுகிறாள். கிராவுபுண்டன் மலைக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

என் அறையில் என்னோடு எர்ட்முத்தேயும் உட்கார்ந்திருந்தாள். எங்கள் மழலையர் பிரிவை முப்பது வருடமாக நடத்துபவள், அறுபதைத் தாண்டியவள், எப்போதும் இளஊதாப் பட்டுச் சால்வை. சிரிக்கும்போது உதடுகளைப் பிரிக்க மாட்டாள். அதை நாங்கள் எல்லோரும் உள்முதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு குழந்தை தயாரா இல்லையா என்பதில் அவள் சொல்தான் கடைசி.

ஃப்ளூரினுக்கு நான்கு பற்கள் இல்லை. இரண்டு முறைப்படி விழுந்தவை. மற்ற இரண்டும் ஆட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து அவன் குதித்தபோது போனவை.

"அதையும் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டேன்.

"சேர்த்துக்கலாம்," என்றாள் எர்ட்முத்தே. "விட்டுக்கொடுக்க உடம்பு தயாரா இருந்துச்சு. அதான் கூரை அவனைக் கூப்பிட்டிருக்கு."

ஃப்ளூரின் அதற்குள் கணப்பு அடுப்பில் பதித்த ஓடுகளை நாக்கால் நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தேறிவிட்டான்.

லதீனா கையைத் தலைக்கு மேலாக வளைத்து எதிர்க் காதைத் தொட்டாள். பந்தைப் பிடித்தாள். முடிச்சுப் போட்டாள். ஆனால் பற்கள் எல்லாம் சுவரில் அறைந்த ஆணி மாதிரி நின்றன. நான் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கண் என் அலமாரி மேல் போயிற்று.

"டாக்டர், அதுல கட்டுத்துணின்னு எழுதியிருக்கு," என்றாள். "ஆனா உள்ள பிஸ்கட்தானே வச்சிருக்கீங்க?"

எர்ட்முத்தே கண்களை மூடிக்கொண்டாள். பக்கத்தில் யாரோ மோசமாக இருமியது போல.

"எப்பலேர்ந்து படிக்கிறா?" என்று அனினாவிடம் கேட்டாள்.

"நான் சொல்லித்தரலங்க," என்றாள் அனினா. குழந்தையின் தலையில் பேன் கண்டுபிடிக்கப்பட்டால் தாய்மார்கள் பேசும் அதே குரல். "பஸ்ல என் பின்னாடி உட்கார்ந்துட்டு வருவா. ஸ்டாப் பேரைப் பார்த்துப் பார்த்து அதுவா ஒட்டிக்கிச்சு."

"தலை முந்தி முழிச்சிருச்சு. உடம்பு இன்னும் தூங்குது," என்றாள் எர்ட்முத்தே. "ஜூன் கடைசியில யோவான் திருநாள் வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள பல் ஆடலன்னா இன்னொரு வருஷம் என்கிட்ட இருக்கட்டும்."

வகுப்பாசிரியர் எங்கள் பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே குழந்தைகளோடு போவார். ஒரு வருடம் பிந்தினால் கடைசிவரை வேறு ஆசிரியர், வேறு கூட்டம். பிறந்ததிலிருந்து ஒரே படுக்கையில் தூங்கும் இருவரை இந்தப் பற்கள் எட்டு வருடத்துக்குப் பிரிக்கப் பார்த்தன. லதீனாவுக்கு அது உடனே விளங்கிவிட்டது.

"நானும் கூரையிலேர்ந்து குதிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"குதிச்சுப் பாரு, தெரியும் சேதி," என்றாள் அனினா.

வேறு பள்ளிக்கு மாற்றினால் என்ன என்று பிறகு தனியாகக் கேட்டேன். "ஃப்ளூரின் ஊர்ப் பள்ளி மழலையர் வகுப்புல மூணு மாசம் மேசைக்கு அடியிலதான் இருந்தான் டாக்டர். இங்க வந்துதான் வெளிய வந்தான்," என்றாள். "அவனை எடுக்க முடியாது. அவளை விட முடியாது. நல்லா மாட்டிக்கிட்டேன்."

எங்கள் சமூகத்தில் ஒரு நல்ல குணம் உண்டு: யாரையும் கஷ்டத்தில் தனியாக விடமாட்டோம். சேதி பரவியதும் ஆளுக்கொரு உதவி வந்தது. ஒருவர் பூர்ச்சமர இலைச் சாறு கொடுத்தார். ஒருவர் பௌர்ணமியில் பிடுங்கிய கேரட் கொண்டுவந்தார். யூரித்மி ஆசிரியை இசோல்டே பல்லுக்கென்றே தனிப் பயிற்சி கொடுத்தாள். பேச்சின் ஒலிகளைக் கையாலும் காலாலும் ஆடிக்காட்டும் கலைதான் யூரித்மி. பல்லால் பிறக்கும் ஒலிகளைத் தினமும் காலையில் ஆடினால் பல்லுக்கு அது கேட்கும் என்பது அவள் கணக்கு. லதீனா பஸ் நிலையத்தில் நின்று அதை ஆடினாள். அடுத்த பஸ்ஸின் ஓட்டுநர் தன்னை நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்து நிறுத்தினார்.

பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லோரும், "ஆடுதா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்கள். சிலர் கேட்பதோடு நிற்காமல் விரலையும் நீட்டினார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அனினா, பிறகு முந்திக்கொள்ள ஆரம்பித்தாள். பள்ளிக்காரர் யார் படியில் கால் வைத்தாலும் கண்ணாடி வழியாகப் பார்த்து, "உங்களுக்கு ஆடுதா?" என்பாள். சிரித்தவர்களும் உண்டு. இசோல்டே மட்டும், "இல்ல," என்று பொறுப்பாகப் பதில் சொன்னாள்.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் பள்ளித் தோட்டத்து ஆட்டுக்கொட்டகைக் கூரை விளிம்பில் லதீனாவைக் கண்டார்கள். கீழே ஃப்ளூரின் நின்று, எந்தக் கல்லின் மேல் வாய் பட வேண்டும் என்று தன் அனுபவத்திலிருந்து வழிகாட்டிக்கொண்டிருந்தான். தோட்ட ஆசிரியர் அவளைத் தூக்கி இறக்கினார்.

இதற்குமேல் சாறும் கேரட்டும் போதாது என்று எனக்குப் பட்டது. அவளைப் பாசலில் ஒரு பல் மருத்துவரிடம் அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். எங்களில் பலருக்கு எக்ஸ்ரே என்றாலே பகை. படத்தில் எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. மற்ற பால்பற்களின் அடியில் புதுப்பல் முளைகள் வரிசையாகக் காத்திருந்தன. கீழ் முன்பற்கள் இரண்டின் அடியில் மட்டும் ஒன்றுமில்லை. சிலருக்கு அப்படி அமைந்துவிடும். குடும்பத்தில் ஓடும், நோய் இல்லை. முளை இல்லையென்றால் வேரைக் கரைக்க ஆளில்லை. வேர் கரையாவிட்டால் பல் ஆடாது. மேல்வரிசைப் பற்கள் தம் காலத்தில் மாறும், ஆனால் இந்த இரண்டும் பல வருடம், சிலருக்குக் கிழவயது வரைக்கும், அப்படியே நிற்கும்.

அதாவது எங்கள் விதிப்படி லதீனா ஒருநாளும் பள்ளிக்குத் தயாராகப் போவதில்லை.

படத்தை வியாழக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். எல்லா ஆசிரியர்களும் வட்டமாக உட்கார்ந்து முடிவெடுக்கும் கூட்டம் அது. எங்களுக்குத் தலைமையாசிரியர் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. ஒருவர்கூட மறுக்காத நிலை வரும்வரை பேசுவோம். கேட்பதற்கு உன்னதமாக இருக்கும். நடைமுறையில், பெருஞ்சீரகத் தேநீர் குவளை குவளையாக வந்துகொண்டே இருக்கும், கடைசிவரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவர் கட்சிதான் ஜெயிக்கும். எர்ட்முத்தே கூட்டங்களில் தேநீர் குடிப்பதில்லை.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். முதலில் பேசியவர் பெனடிக்ட். ஆகஸ்டில் முதல் வகுப்பை எடுக்கப்போகும் இளைஞர்.

"ஒரு சந்தேகம் ரெகுலா. அந்த ரெண்டு பல்லைக் கட்டவே இல்லன்னா, அதுக்குன்னு வச்சிருந்த சக்தி எங்க போச்சு?"

"எங்கயும் போகல," என்றாள் இசோல்டே. "செலவாகாம அப்படியே இருக்கு. அதை வச்சுத்தான் அவ படிக்கிறா."

வட்டம் முழுக்க ஒரு முனகல். சிலர் குறிப்பெடுத்தார்கள்.

"அப்ப அவ தயாராயிட்டா," என்றார் பெனடிக்ட்.

"பொறக்கும்போதே தயார்," என்றாள் இசோல்டே.

வாதம் அபத்தம்தான், ஆனால் நமக்குச் சாதகமாகப் போகும் அபத்தத்தை யார் நிறுத்துவார்கள்?

எர்ட்முத்தே நிறுத்தினாள். "சக்தி மிச்சம் இல்ல பெனடிக்ட். கொத்தனார் வேலையை முடிக்காம எறங்கிட்டான்னு அர்த்தம். கூரை போடாத வீட்டுல நீ யாரைக் குடி வைப்ப?"

அவள் எக்ஸ்ரே படத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"கீழ் முன்பல் மாறாதவங்க கடைசிவரைக்கும் குழந்தைதான். பாவம், நல்லாப் பாடுவாங்க, பூப் பறிப்பாங்க. எதையும் எடைபோட்டுத் தீர்ப்பு சொல்றது மட்டும் அவங்களுக்கு வராது. அப்படி ஒரு உயிரை எழுத்துக்கும் கணக்குக்கும் முன்னாடி உட்கார வைக்கிறது கொடுமை. அப்புறம், இந்தப் படம். படம் நிழலைத்தான் பிடிக்கும். முளை நாளைக்கே வரலாம். திருநாளுக்கு இன்னும் நாள் இருக்கு. நான் பார்த்துக்கிறேன்."

அவள் பார்த்துக்கொண்ட விதத்தை விளக்க வேண்டும். இதில் இன்னொரு கொள்கை இருக்கிறது. ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு எதையும் சொல்லிப் புரியவைக்கக் கூடாது. பெரியவர்கள் செய்ய வேண்டும், குழந்தை அதைப் பார்த்துத் தானும் செய்யும். நல்ல கொள்கைதான். என் குழந்தைகளுக்கு நான் பல் தேய்க்கப் பழக்கியது அப்படித்தான். எர்ட்முத்தே ரை தானிய மாவில் ஒரு ரொட்டி சுட்டாள். இரண்டு முறை சுட்டு, மூன்று நாள் காயவைத்த ரொட்டி. அதைக் கீழே போட்டபோது பலகைத் தரையில் குழி விழுந்ததாகப் பேச்சு. தினமும் காலை இடைவேளையில் லதீனாவின் எதிரில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், அந்த ரொட்டியை முன்பற்களால் கடித்து இழுத்துக் காட்டினாள்.

லதீனா நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் துண்டைத் தேநீரில் ஊறப்போட்டாள்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எர்ட்முத்தே என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். சால்வையை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"ரெகுலா, ரொட்டி கடிக்கும்போது ஏதோ ஆயிருச்சு. கொஞ்சம் பாரு."

நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த இத்தனை வருடங்களில் அவள் வாய்க்குள் நான் பார்த்ததே இல்லை. விளக்கைப் பிடித்தேன். கீழ்வரிசை நடுவில், மஞ்சளாகிப்போன பெரிய பற்களுக்கு இடையே, அரிசி மாதிரி இரண்டு சின்னப் பற்கள். பாலில் ஒரு சொட்டு நீலம் விட்டது போன்ற வெண்மை. கடித்துக் கடித்து முனை தேய்ந்திருந்தது. ஒன்று லேசாக ஆடிற்று.

விளக்கை அணைத்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் நேராகச் சொன்னேன்.

"எர்ட்முத்தே, இது பால்பல்."

"எது?"

"ரெண்டும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு பிரியாத அதே சிரிப்பு. பிறகு அதுவும் நின்றது.

"எங்க அம்மாவுக்கும் அங்க சின்னதாத்தான் இருந்துச்சு. அழகு அதுதான்னு எங்க அப்பா சொல்லுவார்."

"அவங்களுக்கும் முளை இருந்திருக்காது. பரம்பரையா வரும்."

"நீ படம் எதுவும் எடுக்கலையே. எப்படிச் சொல்ற?"

"படம் நிழலைத்தானே பிடிக்கும்," என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னபோது சுகமாகத்தான் இருந்தது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பெரிய பிள்ளைகள் திருநாள் நெருப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"யார்கிட்டயும் சொல்லுவியா?"

"நான் டாக்டர். சொல்ல முடியாது. வியாழக்கிழமைக் கூட்டத்துல லதீனா பேச்சு வரும்போதும் நான் இதைச் சொல்லப்போறதில்ல. ஆனா நீ அங்க இருப்ப."

அவள் எழுந்தாள். வாசலருகே நின்று, எனக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டாள்: "ரொம்ப ஆடுதா?"

"வேர் முழுசா இருக்கு. மெத்துன்னு ஏதாவது சாப்பிடு, தானா இறுகிக்கும்."

திருநாளுக்கு முந்தைய அந்த வியாழக்கிழமை நான் எதிர்பார்த்தது ஒரு ஒப்புதல். அவள் வாயைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. தவறாகச் சொல்லிவிட்டேன் என்றால் போதும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

"இந்தக் கேள்வியை நான் தூக்கத்துக்குள்ள எடுத்துட்டுப் போனேன்," என்று தொடங்கினாள் எர்ட்முத்தே. கடினமான கேள்வியை நினைத்துக்கொண்டே படுத்தால் உறக்கத்தில் மேலுலகிலிருந்து பதில் வரும் என்பது எங்கள் வழக்கம். அப்படி வந்த பதிலை யாரும் குறுக்குக்கேள்வி கேட்பதில்லை. "எனக்கு ஒண்ணு காட்டப்பட்டது. பால்பல் போகாத மனுஷங்க கொஞ்சம் பேர் உண்டு. அவங்க முழுமையாகாதவங்க இல்ல. குழந்தைப்பருவத்தைப் பத்திரமா கடைசிவரைக்கும் தூக்கிட்டுப் போறவங்க. அபூர்வமானவங்க. குழந்தைகளை உள்ளபடி புரிஞ்சுக்கிறது அவங்களாலதான் முடியும்."

"அப்ப தீர்ப்பு சொல்றது?" என்று கேட்டேன்.

"அவங்க சொன்னாத்தான் அது தீர்ப்பு," என்றாள், என்னைப் பார்க்காமல்.

இசோல்டேயின் கண்ணில் நீர் நின்றது. பெனடிக்ட், "அப்பேர்ப்பட்ட குழந்தை என் வகுப்புக்கு வர நான் குடுத்து வச்சிருக்கணும்," என்றார். அன்று தேநீர் இரண்டாவது சுற்றுக்கே போகவில்லை. லதீனா சேர்க்கப்பட்டாள். பள்ளி வரலாற்றில் இவ்வளவு சீக்கிரம் முடிந்த கூட்டம் இல்லை.

சேதியைச் சொல்ல அனினாவின் பஸ்ஸுக்கே போனேன்.

"அபூர்வமா? முந்தாநாள் வரைக்கும் கூரை இல்லாத வீடுன்னீங்க."

"கூரை வந்துருச்சு."

"ஃப்ளூரின்?"

"அவன் சாதாரணம்தான்."

"நல்லதாப்போச்சு. வீட்டுல ஒருத்தனாவது சாதாரணமா இருக்கட்டும்." ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் நகரவில்லை.

ஆகஸ்டில் பூவளைவுக்குள் நுழைந்து குழந்தைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். மேல்வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சூரியகாந்தி கொடுத்தார்கள். முதல் பாடம் எல்லா வால்டோர்ஃப் பள்ளியிலும் ஒன்றுதான்: ஒரு நேர்கோடு, ஒரு வளைகோடு. அதற்கு ஒரு முழுக் காலை போகும். எழுத்து பிறகு வரும், ஒவ்வொன்றும் ஒரு கதையோடு, மெதுவாக. அதற்கு முன்பே படிக்கத் தெரிந்த குழந்தை எல்லோருக்கும் சங்கடம். லதீனா இதையும் யோசித்து வைத்திருந்தாள்.

"எதுவரைக்கும், டாக்டர், படிக்கத் தெரியாத மாதிரி இருக்கணும்?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும் சமாளி."

"பரவாயில்ல. ஃப்ளூரினுக்கு உண்மையாவே தெரியாது. அவனைப் பார்த்துச் செய்றேன்."

இலையுதிர்காலத்தில் மழலையர் பிரிவுத் தாய் ஒருத்தி என்னிடம் வந்தாள். எக்ஸ்ரே கூடாது என்று முன்பு கையெழுத்து வேட்டை நடத்தியவள். தன் மகனுக்கு ஒரு படம் எடுக்க முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். பல் ஏற்கெனவே ஆட ஆரம்பித்துவிட்டதாம், அதுதான் அவளுக்குக் கவலை. இவள் மூன்றாவது ஆள். படம் எடுத்துப் பார்த்து, முளை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். மகன் சாதாரணமாகிவிட்ட வருத்தத்தோடு போனாள்.

அன்று மாலை அனினாவின் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனேன். ஓட்டுநருக்குப் பின்னால் இரட்டையர்கள் ஒரே சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பங்கு போட்டுக் கொறித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளி நிறுத்தத்தில் எர்ட்முத்தே ஏறினாள். கையில் கடையில் வாங்கிய மெத்தென்ற வெள்ளைப் பால்ரொட்டி, பையிலிருந்து பாதி எட்டிப் பார்த்தது. அனினாவுக்கு எதுவும் தெரியாது, தெரிய வழியும் இல்லை. பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன எர்ட்முத்தே, ஆடுதா?"

எர்ட்முத்தே சால்வையை இழுத்து வாயோடு பிடித்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தேன்.

"இல்ல," என்றாள். "இறுகிருச்சு."

லதீனா தன் இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து, உட்காரச் சொல்லி அவளுக்கு இடம் விட்டாள்.